மஞ்சள் பத்து மேல போட்ட பழி

"மஞ்சள் பத்து போட்டுத்தான் விரல் இப்படி ஆச்சாமே?" இதைக் கேட்காம எங்க வீட்டுப் படி ஏறின ஆளே இல்ல. ஒரு பை ஆரஞ்சு, ஒரு டின் மைலோ, கூடவே இந்தக் கேள்வி. கோயில்ல கேட்டாங்க, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில கேட்டாங்க, அண்ணனோட சிங்கப்பூர் கூட்டாளி ஒருத்தன் வீடியோ கால் போட்டுக் கேட்டான். யாராச்சும் கேட்டா போதும், அடுப்படியில எங்கம்மா பாத்திரத்த டம்முனு வைப்பாங்க. வாயால சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை காஞ்சி போச்சு. எழுதிப் போட்டுடறேன். எல்லாரும் ஒரே தடவையா படிச்சிட்டு ஆள விடுங்க.

நான் தர்ஷினி. வீடு செனாய்ல. அம்மா அங்கயே ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை செய்யறாங்க. அப்பா லோரி ஓட்டறாரு, வாரத்துல பாதி நாள் ரோட்லதான் இருப்பாரு. நான் ஜேபி டவுன்ல ஒரு தனியார் காலேஜ்ல சர்ஜிக்கல் டெக்னாலஜி டிப்ளமா, கடைசி செமஸ்டர். "நர்ஸா?"ன்னு கேட்பாங்க. இல்ல. "டாக்டருக்கா படிக்கற?" அதுவும் இல்ல. ஆப்பரேஷன் தியேட்டர்ல சர்ஜன் பக்கத்துல நின்னு, அவருக்கு எது வேணுமோ அதை அவர் கேட்கறதுக்கு முன்னாடி எடுத்துக் குடுக்கறதுதான் எங்க வேலை. கத்தி, கத்தரி, ஊசி, நூல் எல்லாம் எங்க மேசையில இருக்கும். கையைத் தேச்சுக் கழுவி, கவுன் மாட்டி, ரெண்டு ஜோடி கிளவ்ஸ் போட்டுட்டா அப்புறம் மூக்கு அரிச்சாக்கூட தொட முடியாது. தொட்டா ஸ்டெரைல் போச்சு, அதாவது கிருமி இல்லாத கைங்கற பேர் போச்சு. திரும்ப மொதல்லருந்து கழுவணும். அதுக்குள்ள நாலு பேர் நாலு விதமா ஏசுவாங்க.

அங்க ஒரு வழக்கம் இருக்கு. சர்ஜனை யாரும் டாக்டர்னு கூப்பிட மாட்டாங்க, மிஸ்டர்னுதான் சொல்லணும். பொம்பளையா இருந்தா மிஸ். மொத நாள் நான் தெரியாம டாக்டர்னு கூப்பிட்டு வாங்கின பேச்சு இருக்கே, அதை எழுத இந்தத் தாள் பத்தாது. பழகிட்டேன். தியேட்டர்ல ஸ்டூடண்ட்னா செவுத்துக்குக் கொஞ்சம் மேல, தரைக்குக் கொஞ்சம் கீழ, அவ்ளோதான் மரியாதை.

இன்னொரு வழக்கம்தான் இந்தக் கதைக்கே காரணம். கத்திய கைக்குக் கை குடுக்கக் கூடாது. கிட்னி டிஷ்னு அவரைக்கொட்டை வடிவத்துல ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். நான் கத்திய அதுல வைக்கணும், அவர் அதுலருந்து எடுக்கணும். வேலை முடிஞ்சதும் அவரும் அதுலயேதான் திருப்பி வைக்கணும். ஒரே நேரத்துல ரெண்டு கை ஒரு கத்தி மேல இருக்கக் கூடாது. காலேஜ்ல மொத வாரமே சொல்லிக் குடுத்துட்டாங்க. பரீட்சையில கேட்டா நான் தூக்கத்துல கூட எழுதுவேன்.

காலேஜ்லருந்து எங்களைப் பழக அனுப்பின அந்த ஹாஸ்பிடல் பேரைச் சொல்ல மாட்டேன், அந்த மிஸ்டர் பேரையும் சொல்ல மாட்டேன். பயந்துக்கிட்டு இல்ல, பேர் சொல்ற அளவுக்கு அந்த ஆளுக்கு மதிப்பு குடுக்க இஷ்டம் இல்ல. அன்னைக்குக் கேஸ், இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து கால் அழுகிப் போன ஒரு அங்கிள். செத்துப் போன சதையை வெட்டி எடுத்து, சீழைக் கழுவி விடணும். பெரிய ஆப்பரேஷன் கிடையாது. மிஸ்டருக்கு அதுக்கப்புறம் எங்கயோ சாப்பாட்டுக்குப் போகணும், அதனால அவசரம். நான் டிஷ்ஷை நீட்டினேன். "டிஷ்ஷெல்லாம் எதுக்கு, விளையாட்டா? கையில குடு"ன்னு முழங்கையால அதைத் தள்ளி விட்டாரு. சிஸ்டரைப் பார்த்தேன். தியேட்டர் சிஸ்டர், எனக்கு மேல அங்க இருக்கற ஆளு. அவங்க கண்ணாலயே, குடுத்துத் தொலைன்னாங்க. குடுத்தேன். கொஞ்ச நேரத்துல அவர் கண்ணைக் காயத்துலருந்து எடுக்காமலே, கத்திய அப்படியே பின்னால நீட்டினாரு. முனை என் பக்கம். வலது கை மோதிர விரல்ல, உள்பக்கம், ரெண்டு கிளவ்ஸையும் தாண்டிக் குத்திருச்சு.

"மிஸ்டர், குத்திருச்சு"ன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கல. "கிளவ்ஸ் மாத்து." சிஸ்டர் கிட்ட வந்து காதுகிட்ட, "முடிச்சிட்டுப் போலாம்லா, பத்து நிமிஷம்தான்"ன்னாங்க. முறைப்படி நான் உடனே வெளிய போகணும், ஓடற தண்ணியில கழுவணும், சொல்லணும், ரத்தம் எடுக்கணும். அந்தப் பத்து நிமிஷமும் அழுகின கால்லருந்து வந்த சீழு என் விரலுக்குள்ள உட்கார்ந்திருந்துச்சு, நான் மேல புது கிளவ்ஸ் போட்டுக்கிட்டு அவருக்குக் கத்தரி எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் கழுவினேன், எனக்கும் அந்த அங்கிளுக்கும் ரத்தம் எடுத்தாங்க. எச்ஐவி, மஞ்சக்காமாலை எல்லாம் பார்த்து, அந்த அங்கிளுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிட்டாங்க. அரிசி மணி அளவு காயம், மூடிக்கிச்சு.

மறுநாள் சாயங்காலம் விரல் வீங்க ஆரம்பிச்சுது. அம்மா ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவங்க, பையைக்கூடக் கீழ வைக்காம என் கையைப் பிடிச்சுப் பார்த்தாங்க. மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொழைச்சு, கரண்டியில சூடு பண்ணி, பத்து போட்டு விட்டாங்க. எங்க வீட்ல கால் பிசகினாலும் அதான், பல்லு வீங்கினாலும் அதான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா குங்குமம் மாதிரி செவந்து போகும், தெரியும்ல. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை ஒண்ணும் இல்ல. ஆனா பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்த பொம்பளை அடுப்பைப் பத்த வெச்சுக் கொழைச்சுக் கொண்டாந்தா, வேணாம்னு எப்படிச் சொல்றது?

விடிஞ்சப்ப குளிர் காய்ச்சல். விரல் சாசேஜ் மாதிரி உருண்டையா வீங்கி, பாதி மடங்கின வாக்குல நின்னுக்கிச்சு. நிமிர்த்தப் பார்த்தா உயிர் போச்சு. இதை நான் படிச்சிருக்கேன். விரலை மடக்கற நரம்பு, அதாவது தசைநாண், ஒரு குழாய்க்குள்ள ஓடும். அந்தக் குழாய்க்குள்ள சீழ் பிடிச்சா இப்படித்தான் ஆகும். சீக்கிரம் திறந்து கழுவலன்னா நாண் அழுகிடும், விரல் அப்புறம் மடங்காது. எனக்கு மோதிர விரல் மடங்கலன்னா வேலையே இல்ல. ஊசி பிடிக்கற இடுக்கிக்கு ரெண்டு வளையம், ஒண்ணுல கட்டை விரல், இன்னொண்ணுல மோதிர விரல்.

அதே ஹாஸ்பிடல் அவசரப் பிரிவுல எங்களை மஞ்சள் ஸோன்ல, பாதி அவசரக் கேஸுங்களுக்கான இடத்துல, உட்கார வெச்சாங்க. நாற்காலி உடைஞ்சது, ஏர்கோன் வெறி பிடிச்ச மாதிரி அடிச்சுது, காய்ச்சல்ல பல்லு கிடுகிடுன்னு ஆடுது. அம்மா தன்னோட ஃபேக்டரி ஜாக்கெட்டைக் கழட்டி என் மேல போர்த்தினாங்க. கடைசியா ஒரு சின்ன டாக்டர் வந்தாரு, என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவரு. விரலைப் பார்த்த உடனே மூஞ்சைச் சுளிச்சாரு. "அபா நி? குஞிட்?" என்ன இது, மஞ்சளான்னு மலாய்ல கேட்டாரு. நான் கத்தி குத்தினதைச் சொன்னேன், சீழ்க் காலைச் சொன்னேன். அவர் காதுல ஏறினது மஞ்சள் மட்டும்தான். அன்னைலருந்து என் பேரு தர்ஷினி இல்ல. "அந்த மஞ்சள் போட்ட பொண்ணு."

கை சர்ஜன் ஒரு சீனப் பொம்பளை, மிஸ் லிம். அவங்கதான் மொத மொத என் மூஞ்சைப் பார்த்துப் பேசினாங்க. அன்னைக்கு மத்தியானமே தியேட்டர். அதே தியேட்டர். எனக்குப் பழகின கதவு, பழகின விளக்கு, ஆனா மல்லாக்கப் படுத்துப் பார்த்தா எல்லாம் வேற. மேல கூரையில ஒரு பழுப்புக் கறை இருக்கு, இத்தனை மாசம் அங்க நின்னும் நான் பார்த்ததே இல்ல. கண்ணாடியைக் கழட்டி வாங்கிட்டாங்க. அக்குள்ல ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்க வெச்சாங்க, அதனால முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். என் தலைக்கு மேல ரெண்டு பேர் நாசி பாடாங் சோத்துக் கடையைப் பத்திப் பேசிக்கிட்டாங்க. ஒருத்தன் என் தோளைத் தள்ளி வெச்சான், "கொஞ்சம் நகருங்க"ன்னு ஒரு வார்த்தை கிடையாது. நான் மேசையில கிடந்த சாமான். துணிக்கு அந்தப் பக்கம் மிஸ் லிம் வெட்டினது எனக்கு வலிக்கல. ஆனா ஒவ்வொரு தடவையும் கத்தி டிஷ்ல விழற சத்தம் கேட்டுச்சு. அப்ப டிஷ்ல வைக்க முடியுது. மனசு வெச்சா முடியுது, அவசரத்துலயும் முடியுது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு.

வார்டுல கையை மேல தூக்கித் தொங்க விட்டுக் கட்டி, இன்னொரு கையில ட்ரிப் ஏத்தினாங்க. ரெண்டு கையும் போச்சு. அம்மாதான் தலை வாரி விட்டாங்க, பல்லு விளக்கி விட்டாங்க, சோறு ஊட்டினாங்க. ஷிஃப்டை யார்கிட்டயோ கெஞ்சி மாத்திக்கிட்டு வருவாங்க. வந்த உடனே செவுத்துல இருக்கற கைகழுவற மருந்தைத் தேச்சுக்குவாங்க, ஒரு தடவை இல்ல, தோலு உரியற வரைக்கும். அண்ணன் சிங்கப்பூர் வேலை முடிஞ்சு, எல்லைப் பாலத்துல ஜாம்ல நின்னு நொந்து, மீ கோரேங் நூடுல்ஸ் தாப்பாவ், அதாவது பார்சல், பண்ணிக்கிட்டு வருவான். டாக்டருங்க விரலை மடக்கிப் பழகச் சொன்னப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். அவன் ஒரு பாக்கெட் முறுக்கை மடியில வெச்சுக்கிட்டு, "ஒரு தடவை மடக்கு, ஒரு முறுக்கு. அழுதா நானே தின்னுடுவேன்"ம்பான். பாவி, பாதி பாக்கெட் அவன்தான் தின்னான்.

அப்புறம்தான் டாக்டருங்க வார்டைச் சுத்தி வர்ற அந்த ரவுண்டு. மிஸ்டர், அந்தப் பிரிவுக்கே தலை, பின்னாடி ஒரு கும்பல் டாக்டருங்க. என் கட்டில்கிட்ட நின்னு, கட்டுப் பிரிச்சிருந்த கையைத் தூக்கிக் காட்டினாரு. கத்தி குத்தினப்ப பார்க்காத கண்ணு இப்ப நல்லாப் பார்த்துச்சு. "நாட்டு வைத்தியம் பண்ணா என்ன ஆகும்? இதான் ஆகும்." இங்கிலீஷ்ல கும்பலுக்குச் சொன்னாரு. அப்புறம் ஓரமா நின்ன அம்மா பக்கம் திரும்பி, அவங்களுக்கும் புரியணும்னு மலாய்ல, ஆன்ட்டின்னு கூப்பிடற மாதிரி, "மக்சிக், இனிமே பிள்ளைக்குக் குஞிட் எல்லாம் பூசாதீங்க. கை போயிருக்கும்"ன்னாரு. எங்கம்மா சாப்பாட்டுக் கேரியரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "பாய்க் டோக்டர், சோரி டோக்டர்"ன்னு, சரிங்க டாக்டர், மன்னிச்சிடுங்கன்னு, குனிஞ்சாங்க. அந்தக் கோபம் இப்பவும் ஆறல. அவர் போன உடனே, "அம்மா, மஞ்சள் இல்லம்மா, அந்த ஆளு பொய் சொல்றாரு"ன்னேன். "சரிம்மா, சரி, சாப்பிடு"ன்னாங்க.

ரெண்டாவது தடவையும் தியேட்டர் கொண்டு போய்க் கழுவினாங்க. மிஸ் லிம் நாண் தப்பிச்சுதுன்னு சொன்னாங்க. இப்ப விரல் முக்காவாசி மடங்குது. உள்ளங்கையைத் தொடாது. இடுக்கியைக் கொஞ்சம் வேற மாதிரி பிடிச்சுப் பழகிக்கிட்டேன், நூல் விழாம குடுக்கறேன். ஆனா வார்டுல படுத்திருந்த அன்னைக்கு அதெல்லாம் தெரியாது.

அன்னைக்குத் தெரிஞ்சது புஷ்பா மேடம் சொன்னது மட்டும்தான். எங்க காலேஜ் மேடம், ஸ்டூடண்டுங்களைப் பயிற்சிக்கு, அதாவது போஸ்டிங்குக்கு, ஹாஸ்பிடல்ல போடறது அவங்க பொறுப்பு. ஒரு பெட்டி கேக் வாங்கிக்கிட்டு வந்து, கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, பாசமாத்தான் ஆரம்பிச்சாங்க.

"இங்க பாரு தர்ஷினி, நாளைக்கு சிஸ்டர் ரூம்ல சின்னதா ஒரு பேச்சு. மிஸ்டரும் இருப்பாரு. சின்னக் காயம்தான், வீட்ல மருந்து போட்டதால முத்திப் போச்சுன்னு சொல்லிடு. அவ்ளோதான். முடிஞ்சுது. கை சரியானதும் திரும்ப இங்கயே வந்து போஸ்டிங்கை முடிச்சிக்கலாம்."

"அது நெசம் இல்லையே மேடம்."

"நெசம் நெசம்னு பேசாத மா. இவங்க நம்ம பிள்ளைங்களை இனி எடுக்க மாட்டேன்னுட்டா? உன் பின்னாடி வர்றவங்க எங்க போவாங்க? நீ எப்படி முடிப்ப?"

"அப்ப எங்கம்மா மேல போடணுமா?"

"யாரு மேலயும் போடல மா. வீட்லன்னுதான் சொல்றோம்."

வீட்ல வேற யாரு இருக்கா, பூனையா? அம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. மேடம் போன உடனே கிட்ட வந்தாங்க.

"என் மேலயே போட்டுடு தர்ஷி."

"என்னம்மா பேசறீங்க?"

"எனக்கென்னடி, நான் ஃபேக்டரிக்காரி. அவங்க என்னை என்ன பண்ணிடப் போறாங்க? அப்பா லோரி ஓட்டி ஓட்டி முதுகு போச்சு, உன்னைப் படிக்க வைக்கத்தான். நான்தான் போட்டேன்னு சொல்லிடு. போட்டேன்தானே?"

அன்னைக்குப் பூரா இதேதான். சோறு ஊட்டறப்ப சொன்னாங்க, தலை வாரறப்ப சொன்னாங்க. மக பிழைச்சுக்கட்டும்னு தானே பழியைத் தூக்கிக்கற பொம்பளை, என்ன மனசுன்னு நெனச்சேன். நெனச்சு நெனச்சு, சரி சொல்லிடலாமான்னு கூடத் தோணுச்சு. ஒரு வரிதானே.

மறுநாள் சிஸ்டர் ரூம். நாலு நாற்காலி போட்டா மூச்சு முட்டற இடம். மிஸ்டர் உட்காரக்கூட இல்ல, கதவுகிட்ட நின்னாரு. சிஸ்டர் மேசையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மேடம் என் பக்கத்துல. அம்மா என் ட்ரிப் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி.

"என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லு மா"ன்னு மேடம் முதுகைத் தட்டிக் குடுத்தாங்க.

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். சொல்லு சொல்லுன்னு தலையாட்டறாங்க. அதே குனிஞ்ச முதுகு, அதே சோரி டோக்டர் மூஞ்சி. அதைப் பார்த்த உடனே அந்த ஒரு வரி எனக்கு வாயில வரல.

மலாய்லயே சொன்னேன், எல்லாருக்கும் புரியணும்னு. "மிஸ்டர், நான் டிஷ் நீட்டினேன், நீங்க தள்ளி விட்டீங்க. பார்க்காம கத்திய என் பக்கம் நீட்டினீங்க. குத்திருச்சுன்னு சொன்னேன், கிளவ்ஸ் மாத்தச் சொன்னீங்க. சிஸ்டர் முடிச்சிட்டுப் போன்னாங்க. கத்தியில இருந்தது அழுகின கால் சீழு. அது நாண் வரைக்கும் உள்ள போச்சு. மஞ்சள் தோலுக்கு மேலதான் இருந்துச்சு. எங்கம்மா மஞ்சளைக் கையில எடுத்தப்ப என் விரல் ஏற்கெனவே வீங்கியாச்சு."

மேடம் மேசைக்குக் கீழ என் காலை மிதிச்சாங்க. நான் நிறுத்தல. "நீங்க அத்தனை பேர் முன்னாடி எங்கம்மாவைச் சொன்னீங்க. அது மஞ்சள்னால ஆச்சுன்னு இப்ப என் மூஞ்சைப் பார்த்துச் சொல்லுங்க மிஸ்டர்."

அவர் சொல்லல. சிஸ்டரைப் பார்த்தாரு, சிஸ்டர் நிமிரவே இல்ல. வாட்சைப் பார்த்தாரு. "எனக்கு கிளினிக் இருக்கு"ன்னு கதவைத் திறந்து போயிட்டாரு. மன்னிப்பும் இல்ல, மறுப்பும் இல்ல. அந்த ஹாஸ்பிடல்ல எனக்கு இனி இடம் இல்லன்னு மேடம் அப்புறம் ஃபோன்ல சொன்னாங்க, வேற ஊர்ல ஒரு சின்ன ஹாஸ்பிடல்ல போட்டாங்க. இப்ப அங்கதான் முடிச்சுக்கிட்டு இருக்கேன். பஸ்ல போற தூரம்தான் ரெண்டு மடங்கு.

வார்டுக்குத் திரும்பப் போக லிஃப்ட் முன்னாடி நின்னோம். அம்மா என்னைத் திட்டப் பிடிச்சுக்கிட்டாங்க. "இவ்ளோ சொன்னேனே, கேட்டியாடி? ஒரு வார்த்தை என் மேல போட்டா நான் தேஞ்சா போயிடுவேன்? படிப்பு போச்சு, எல்லாம் போச்சு. வாய், வாய், அப்படியே உங்கப்பன் வாய்." லிஃப்ட் வந்துச்சு, கதவு திறந்துச்சு, மூடிக்கிச்சு. நாங்க ஏறல. திட்டிக்கிட்டே இருந்தவங்க திடீர்னு நிறுத்திட்டாங்க.

"தர்ஷி. அந்தப் பெரிய டாக்டர் ஏன் ஒண்ணுமே பேசல? நீ மூஞ்சைப் பார்த்துச் சொல்லுன்னியே. அவரு இல்லன்னு சொல்லலியே."

"எப்படிம்மா சொல்லுவாரு? நடந்தது அதானே."

அம்மா கம்பத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. "அப்ப நெசமாவே என் மஞ்சள் இல்லையா?"

மஞ்சள் இல்லன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அம்மா மனசு நோகக் கூடாதுன்னு மக சொல்றான்னுதான் அவங்க எடுத்துக்கிட்டாங்க. பெரிய டாக்டர் சொன்னதைத்தான் நம்பினாங்க. என் மேல போட்டுடுன்னு சொன்னது எனக்காகத் தூக்கிக்கிட்ட பழி இல்ல. அவங்களுக்கு அதுதான் உண்மை. பெத்த பிள்ளை விரலைத் தன் கையாலயே கெடுத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டே எனக்குத் தலை வாரி, அந்தக் கையாலயே சோறு ஊட்டி, அந்த ஆளுகிட்ட சோரியும் சொல்லியிருக்காங்க.

"இல்லம்மா. உங்க மஞ்சள் இல்ல."

போற வர்றவங்க எல்லாம் பார்க்க, எங்கம்மா அந்த லிஃப்ட் கதவு முன்னாடி அப்படியே தரையில உட்கார்ந்து, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுதாங்க.

விரலுக்காக அந்த ஆளை என்னைக்காச்சும் மன்னிச்சாலும் மன்னிப்பேன். இதுக்கு மாட்டேன்.